முதல் வாரத்து மதிப்பெண்

2016 ஆகஸ்ட் 19 அன்று சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 விற்பனைக்கு வந்தது. வாங்கிச் சோதித்து எழுதியவர்களில் பெரும்பாலோர் பாராட்டியே எழுதினார்கள். இரு பக்கமும் வளைந்த திரை, கருவிழியைப் பார்த்துத் திறக்கும் பூட்டு, தண்ணீரில் விழுந்தாலும் பிழைக்கும் உடல், 3500 எம்ஏஎச் பேட்டரி என்று பாராட்டுவதற்கும் நிறைய இருந்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 2 அன்று, விற்ற போன்களையெல்லாம் மாற்றித் தருவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. பேட்டரி தீப்பிடிப்பதாக அதுவரை வந்திருந்த புகார்கள் 35. மாற்றிக் கொடுத்த போன்களும் எரியத் தொடங்கவே, அக்டோபர் 11 அன்று உற்பத்தியே நின்றுபோனது. 2017 ஜனவரி 23 அன்று காரணம் வெளிவந்தது. பேட்டரி கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவருடைய பேட்டரியில் உறை இறுக்கமாக இருந்ததால் உள்ளே இருந்த தகட்டின் மூலை மடங்கியிருந்தது. மற்றவருடையதில் பற்றவைத்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த உலோகப் பிசிறு, நடுவில் இருக்கும் தடுப்புத் தாளைக் குத்தியிருந்தது. திரையையும் கேமராவையும் பார்த்துக்கொண்டிருந்த யார் கண்ணிலும் இது பட்டிருக்க வழியில்லை.

எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கே போதும். திரும்பப் பெறும் நேரத்தில் அந்த நிறுவனம் சொன்ன பழுது விகிதம், பத்து லட்சத்துக்கு 24 போன். உலகம் முழுக்க நூறு பேர் ஆளுக்கொரு போனை வைத்துச் சோதித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவருக்காவது பழுதான போன் வாய்த்திருக்கும் வாய்ப்பு கால் சதவீதத்துக்கும் குறைவு. வாய்த்தாலும் அவர் எழுதி முடிப்பதற்குள் அது எரிய வேண்டுமே. ஒரு சோறு பதம் பார்ப்பது பானைச் சோறு ஒரே மாதிரி வெந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான். லட்சக்கணக்கில் செய்யப்படும் ஒரு பொருளில் எங்கோ ஒளிந்திருக்கும் பிழைக்கு அந்த முறை உதவாது.

நோட் 7 ஒரு விபத்து, தினமும் நடப்பதில்லை. ஆனால் அது காட்டிக்கொடுத்த குறைபாடு எல்லாப் போன் மதிப்புரைகளுக்கும் பொது. ஒரே ஒரு போனை, புத்தம் புதிதாக, குளிர்ந்த அறையில், ஒரு வாரமோ பத்து நாளோ வைத்துப் பார்த்துவிட்டுப் பத்துக்கு எட்டரை என்று மதிப்பெண் போடுகிறோம். வாங்குகிறவரோ அதை மூன்று, நான்கு ஆண்டு வைத்திருக்கப் போகிறார். போனுக்குள் இருக்கும் முக்கியமான பாகம் ஒரு வேதிப்பொருள். அது நாள்பட நாள்பட மாறிக்கொண்டே இருக்கும். முதல் வாரத்தில் அந்த மாற்றம் தொடங்கியிருக்கும், தெரியாது. ஆகவே போனின் தரம் என்று நாம் படிப்பது அதன் பிறந்தநாள் புகைப்படம் மட்டுமே. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. போன் தயாரிப்பவர்களும் அந்தப் புகைப்படம் நன்றாக வர வேண்டும் என்பதற்காகவே போனை வடிவமைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

லித்தியம் அயனி பேட்டரியைச் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது 1991-ல். அதற்கு அடித்தளம் போட்ட குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் வேலை எளிமையானது. ஒரு பக்கம் கிராஃபைட். மெல்லிய கார்பன் ஏடுகள், அடுக்கி வைத்த அப்பளக் கட்டு மாதிரி. இன்னொரு பக்கம் கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடு. இரண்டுக்கும் நடுவே திரவ மின்பகுளி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து கிளம்பி மின்பகுளி வழியே நீந்திப்போய்க் கிராஃபைட் அடுக்குகளின் இடுக்கில் உட்காருகின்றன. போனைப் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்புகின்றன. போக, வர, போக, வர. ஒரு வழித்தவறலும் இல்லாமல் இது நடந்தால் பேட்டரிக்கு மூப்பே கிடையாது.

நடப்பது அப்படியில்லை. லித்தியம் நிறைந்த கிராஃபைட்டுக்கும் மின்பகுளிக்கும் ஒத்துப்போகாது. இரண்டும் தொட்ட மாத்திரத்தில் மின்பகுளி சிதைந்து, கிராஃபைட் மேல் ஒரு மெல்லிய படலம் படிகிறது. காய்ச்சிய பாலில் ஏடு படிகிற மாதிரி. இந்த ஏடு வேண்டாதது என்று சொல்லிவிட முடியாது. அது படிந்தால்தான் மேற்கொண்டு சிதைவு கட்டுப்படும். அதனால் ஆலையிலேயே முதல் சார்ஜை மெதுவாக ஏற்றி அதை வேண்டுமென்றே உருவாக்குகிறார்கள். தொல்லை என்னவென்றால், அதன் வளர்ச்சி அத்தோடு நின்றுவிடுவதில்லை. கிராஃபைட் ஒவ்வொரு முறை லித்தியத்தை வாங்கும்போதும் சற்றுப் பருக்கிறது, விடும்போது சுருங்குகிறது. ஏட்டில் விரிசல் விழுகிறது. விரிசலில் புதிய ஏடு படிகிறது. ஒவ்வொரு படிவும் கொஞ்சம் லித்தியத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. பூட்டப்பட்ட லித்தியம் இனி மின்சாரம் சுமக்காது. கொள்ளளவு குறைகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பக்கவிளைவாக வாயுவும் வரும். கடைக்காரர் முதுகுப்பக்கத்தைத் தடவிப் பார்த்து “பேட்டரி உப்பிருச்சு” என்பது அந்த வாயுவைத்தான்.

கொள்ளளவு குறைவதைவிடத் தந்திரமான மாற்றம் ஒன்று உண்டு. ஏடு தடிக்கத் தடிக்க அயனிகள் கடந்துபோவது கடினமாகிறது, அதாவது பேட்டரியின் அகமின்தடை கூடுகிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஓடிய குழாயை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே உப்புப் படிந்த குழாயில் ஒரு பைப்பைத் திறந்தால் தண்ணீர் ஒழுங்காக வரும். இரண்டு, மூன்று திறந்தால் நூல் போல ஒழுகும். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றால், இருக்கிறது. பேட்டரியிலும் அதே கதைதான். கணக்குக்காக ஒரு புதிய பேட்டரியின் அகமின்தடை 0.1 ஓம் என்போம். போனின் சிப் திடீரென்று 3 ஆம்பியர் கேட்டால் 0.3 வோல்ட் உள்ளேயே தொலைந்துபோகும். 3.7 வோல்ட் 3.4 ஆகும், போன் ஓடும். மூப்படைந்து மின்தடை 0.25 ஓம் ஆகிவிட்டால் அதே 3 ஆம்பியருக்கு 0.75 வோல்ட் போய்விடும். மிஞ்சுவது 2.95. போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். திரையில் 30 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே, கேமராவைத் திறந்த நொடியில் பழைய போன் அணைவதற்குக் காரணம் இதுவே. பேய் பிசாசு ஒன்றும் இல்லை.

2017-ல் உலகமே பேசிய ஐபோன் விவகாரத்தின் மூலமும் இந்த ஓம் கணக்குத்தான். ஐபோன் 6, 6எஸ் வரிசையில் பேட்டரி தளர்ந்த போன்கள் திடீர் திடீரென அணைந்தன. அந்த ஆண்டு ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 மேம்பாட்டில் ஆப்பிள் ஒரு மாற்றத்தைச் சேர்த்தது. பேட்டரி தளர்ந்திருந்தால் சிப்பின் வேகத்தைக் குறைத்து, அது ஒரே இழுப்பில் அதிக மின்னோட்டம் கேட்காமல் பார்த்துக்கொள்வது. அணைவது குறைந்தது. ஆனால் வேகத்தைக் குறைத்த செய்தியைப் பயனாளிக்குச் சொல்லவில்லை. டிசம்பரில் கீக்பெஞ்ச் என்ற வேகமானியைச் செய்த ஜான் பூல், தன்னிடம் சேர்ந்திருந்த அளவீடுகளை வரைபடமாக்கி வெளியிட்டார். பழைய ஐஓஎஸ் பதிப்பில் ஐபோன் 6எஸ் போன்கள் எல்லாம் ஒரே மதிப்பெண்ணைச் சுற்றி ஒற்றை மலையாகக் குவிந்திருந்தன. புதிய பதிப்பில் அந்த மலைக்கு இடப்பக்கம், குறைந்த வேகங்களில், குட்டி மலைகள் பல முளைத்திருந்தன. ஒரே பெயர், ஒரே விலை, ஒரே சிப். வயதான பேட்டரி உள்ளவை மட்டும் வேறு போன்களாக மாறியிருந்தன. அடுத்த சில நாட்களில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு, டிசம்பர் 28 அன்று மன்னிப்பும் கேட்டது. 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. 2020-ல் பிரான்சின் நுகர்வோர் அமைப்பு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது.

வேகத்தைக் குறைத்தது பொறியியல் நோக்கில் சரியான முடிவே என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரி. அவசர அழைப்பின் நடுவே அணைந்துபோகும் போனைவிட மெதுவாக ஓடும் போன் மேல். சொல்லாமல் செய்ததுதான் தவறு. இந்தக் கட்டுரையின் அக்கறை அதற்கும் அப்பால் இருக்கிறது. 2015-ல் ஐபோன் 6எஸ் வந்தபோது அதன் சிப் வேகத்தை அளந்து எழுதிய அத்தனை மதிப்புரைகளும் உண்மையான எண்களையே தந்தன. ஆனால் அவை போனின் எண்களாக இருக்கவில்லை. புதிய பேட்டரி பூட்டிய போனின் எண்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாசகருக்கு யாரும் சொல்லவில்லை.

மூப்பின் வேகம் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதுமில்லை. இரண்டு விஷயங்கள் அதை முடுக்கிவிடும். ஒன்று வெப்பம், மற்றது முழு சார்ஜில் கிடப்பது. பேட்டரி யுனிவர்சிட்டி என்ற தளம் வெளியிட்டுள்ள பட்டியல் ஒன்று துறைக்காரர்களிடையே பிரபலம். லித்தியம் அயனி பேட்டரியை 40 சதவீத சார்ஜில், 25 டிகிரி செல்சியஸில் ஓராண்டு சும்மா வைத்திருந்தால் அதன் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். அதையே முழு சார்ஜில், 40 டிகிரியில் வைத்தால் மிஞ்சுவது 65. கவனிக்க வேண்டியது, இது பயன்படுத்தாமலே போகும் இழப்பு. மேசையில் கிடந்தே கிழமாவது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான வெப்பநிலை 45 டிகிரி. வேலூரும் கரூரும் திருச்சியும் ஒவ்வொரு கோடையிலும் 40-ஐத் தாண்டுகின்றன. ஆப்பிள் தன் போன்களுக்குத் தரும் குறிப்பில், பயன்படுத்தத் தகுந்த சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை என்றே எழுதியிருக்கிறது. அந்த போன்களில் கணிசமானவை ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படுகின்றன. ஆலைக்குள் குளிர்சாதனம் இருக்கும். ஆலை வாசலில் ஏப்ரல் மதியம் நிற்கிறவரின் சட்டைப்பையில் இருக்கும் போன் அந்தக் குறிப்பின் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

உணவு கொண்டுபோகும் இளைஞரின் வண்டியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கைப்பிடியில் பூட்டிய தாங்கியில், பகல் ஒரு மணி வெயிலில், திரை வெளிச்சம் முழுதாக, ஜிபிஎஸ்ஸும் மொபைல் டேட்டாவும் ஓயாமல் ஓட, கீழே வண்டியின் யுஎஸ்பி வழியாக சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கும். பேட்டரிக்குப் பகையான எல்லாம் ஒரே நேரத்தில். போதாக்குறைக்கு எஞ்சின் அதிர்வு வேறு. மோட்டார் சைக்கிள் அதிர்வால் கேமராவின் நடுக்கம் தாங்கும் அமைப்பு கெடக்கூடும் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிளே எச்சரித்தது. எந்த மதிப்புரையிலாவது இந்தச் சோதனை உண்டா? “கேம் விளையாடும்போது லேசாகச் சூடாகிறது” என்ற ஒரு வரியோடு வெப்பம் முடிந்துபோகிறது. அந்த கேமும் ஏசி அறையில் விளையாடியது.

மதிப்புரை எதை அளக்கிறதோ அதைப் போன் நிறுவனம் கூட்டும். அளக்காததை விட்டுவிடும். பேட்டரியில் அளக்கப்படுவது இரண்டே எண்கள்: எத்தனை எம்ஏஎச், எத்தனை நிமிடத்தில் நிறையும். அதே அளவு பேட்டரியில் எம்ஏஎச் கூட்டுவதற்கு ஒரு வழி, முழு சார்ஜின் மின்னழுத்தத்தை உயர்த்துவது. முன்பு 4.2 வோல்ட்டில் நிறுத்திய இடத்தில் இப்போது 4.4-ஐத் தாண்டுகிறார்கள். மேலே போகப் போக ஆக்சைடு பக்கமும் மின்பகுளியும் விரைவாகக் கெடும். முதல் வாரத்தில் கிடைப்பது கூடுதல் நேரம். விலை பின்னால் கட்டப்படும். இன்னொரு வழி கிராஃபைட்டோடு சிலிக்கான் சேர்ப்பது. 2023-ல் ஹானர் செய்தது, இப்போது பல சீன நிறுவனங்கள் செய்வது இதையே. சிலிக்கான் கிராஃபைட்டைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு லித்தியத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் அப்போது தன் கன அளவில் மூன்று, நான்கு மடங்காகப் பருத்துவிடும். கிராஃபைட் பருப்பது பத்து சதவீத அளவுக்குத்தான். பருப்பதும் சுருங்குவதும் ஏட்டை என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். இதைச் சமாளிக்கப் பொறியாளர்கள் கார்பனுக்குள் சிலிக்கானைப் பொதித்து வைப்பது போன்ற நல்ல உத்திகள் வைத்திருக்கிறார்கள். அவை மூன்றாம் ஆண்டில் எப்படி நிற்கின்றன என்ற கேள்விதான் வாங்குகிறவருக்கு முக்கியம். 7000 எம்ஏஎச் என்று தலைப்பு போடுகிற காணொளிகளில் அந்தக் கேள்வி வருவதில்லை.

நியாயமாக இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேக சார்ஜ் என்றாலே பேட்டரி சாகும் என்பது பாதி உண்மை. அவசரமாக ஏற்றினால் அயனிகள் கிராஃபைட்டின் இடுக்குக்குள் நுழைய நேரமில்லாமல் அதன் மேற்பரப்பிலேயே லித்திய உலோகமாகப் படியும், குறிப்பாகக் குளிரில். ஆனால் பேட்டரியை இரண்டு பாதியாகப் பிரித்து ஏற்றுவது, தொடக்கத்தில் வேகமாகவும் முடிவில் மெதுவாகவும் ஏற்றுவது, வெப்பத்தைப் பார்த்துப் பார்த்துக் குறைப்பது என்று கட்டுப்படுத்த வழி இருக்கிறது. 2022-ல் ஓப்போ தன் 150 வாட் சார்ஜரோடு, 1600 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்று அறிவித்தது. நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது என்றாலும், ஒன்று அதிலிருந்து தெரிகிறது. ஆயுளை அளக்க முடியும், எண்ணாகச் சொல்லவும் முடியும். அந்த எண் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. விளம்பரத்துக்கு உதவும்போது வெளியே வருகிறது, மற்ற நேரம் வருவதில்லை.

பேட்டரியை விட்டுச் சிப்புக்கு வந்தால் அளவுகோலே கெட்டுப்போன கதை கிடைக்கும். இது பேட்டரி கதையைவிடச் சுருக்கமானது, வெட்கமில்லாதது. 2013-ல் ஆனந்த்டெக் இதழ் ஒரு சோதனை செய்தது. கேலக்ஸி எஸ்4-ன் ஒரு வகையில் வரைகலைச் சிப், வேகமானிச் செயலிகள் சிலவற்றைக் கண்டால் மட்டும் 533 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. மற்ற நேரங்களில் 480தான். 2018-ல் ஹுவாவே போன்கள் சில, இதே தந்திரத்துக்காக 3டிமார்க் என்ற வேகமானியின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2021-ல் ஒன்பிளஸ் 9 ப்ரோ நூதனமாகச் செய்தது. வேகமானியைக் கண்டால் முடுக்குவதற்குப் பதிலாக, குரோம் போல மக்கள் தினமும் திறக்கும் செயலிகளை மெதுவாக்கியது. வேகமானி மட்டும் முழு வேகத்தில் ஓடியது. 2022 மார்ச்சில் சாம்சங்கின் கேம் மேம்படுத்தும் சேவை ஆயிரக்கணக்கான செயலிகளை அடக்கி வைத்திருந்தது தெரிந்தபோது, எஸ்10 முதல் எஸ்22 வரையிலான வரிசைகளைக் கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து தூக்கியது. சூட்டையும் பேட்டரியையும் காப்பாற்றவே அப்படிச் செய்தோம் என்று நிறுவனங்கள் சொன்ன காரணத்தில் உண்மை இருக்கிறது. விசிறி இல்லாத, கண்ணாடியும் அலுமினியமும் மூடிய ஒரு சிறு பெட்டி, கை சுடாமல் தொடர்ந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் சில வாட்டுகள்தான். இன்றைய சிப்புகள் உச்சத்தில் அதைவிடப் பல மடங்கு கேட்கும். ஆக எந்தப் போனும் தன் உச்ச வேகத்தில் வாழ முடியாது, எட்டிப் பார்த்துவிட்டு இறங்கத்தான் வேண்டும். அப்படியென்றால் எட்டிப் பார்த்த நொடியை அளந்து அதற்கு மதிப்பெண் தருவானேன்? 3டிமார்க்கில் இருபது நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டு, கடைசியில் எவ்வளவு தாக்குப்பிடித்தது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. சில நல்ல விமர்சகர்கள் அதையும் போடுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். அதையே 38 டிகிரி அறையில் செய்து காட்டினால் நம் ஊருக்குப் பயன்படும்.

“மூன்று வருடம் வைத்திருந்து எழுதினால் அதற்குள் அந்தப் போனே சந்தையில் இருக்காது, யார் படிப்பார்கள்” என்று விமர்சகர் கேட்பார். கேள்வி நியாயம். ஆனால் யாரும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. சார்ஜ் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிச் சுற்றுகளைச் சில மாதங்களில் முடித்துவிடும் கருவிகள் ஆய்வகங்களில் இருக்கின்றன. ஒரு சுற்று என்பது மொத்தமாக 100 சதவீதம் செலவழிப்பது. இன்று 60, நாளை 40 என்றாலும் ஒரு சுற்றுதான். ஆப்பிள் நெடுங்காலம் தன் போன்களுக்கு 500 சுற்றில் 80 சதவீதம் என்று சொல்லிவந்தது. ஐபோன் 15 வரிசைக்கு 2024-ல் அதை 1000 என்று மாற்றியது. நாளுக்கு ஒரு சுற்று ஓட்டுகிறவருக்கு முதலாவது ஒன்றே கால் ஆண்டுக்குச் சற்று மேல், இரண்டாவது இரண்டே முக்கால் ஆண்டு. விமர்சகரால் சோதிக்க முடியாவிட்டாலும் நிறுவனத்திடம் கேட்டு அந்த ஒற்றை எண்ணை எழுதலாம். கொடுக்க மறுத்தால் மறுத்தார்கள் என்று எழுதலாம். அதுவும் ஒரு தகவல்.

“எப்படியும் இரண்டு, மூன்று வருடத்தில் மாற்றத்தானே போகிறார்கள்” என்பது அடுத்த வாதம். மாற்றுவது ஆசையாலா, போன் தளர்ந்ததாலா? 2019 ஜனவரி 2 அன்று ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதம் இதற்கு ஒரு சாட்சி. வருவாய் எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றாக, பேட்டரியைக் குறைந்த விலையில் மாற்றிக்கொண்டு பழைய போனையே வைத்துக்கொண்டவர்களையும் குறிப்பிட்டிருந்தார். 29 டாலரில் பழைய போன் புத்துயிர் பெற்றால் போதும் என்று நினைத்தவர்கள், ஒரு பெருநிறுவனத்தின் கணக்கில் தெரியும் அளவுக்கு இருந்தார்கள். தவிர, நம் வீடுகளில் போன் இரண்டு வருடத்தில் சாவதில்லை. மகனிடமிருந்து அம்மாவுக்கு, அக்காவிடமிருந்து தம்பிக்குப் போகிறது. தளர்ந்த பேட்டரி அவர்களுக்குச் சீதனம்.

பேட்டரியைத்தான் சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு மாற்றிவிடலாமே என்றால், மாற்றலாம். பின்மூடியைச் சூடாக்கிப் பசையை இளக்கி, கண்ணாடி விரியாமல் பிரிக்கத் தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றன. ஆனால் ஒட்டிய பசையோடு தண்ணீர் புகாத தன்மையும் போய்விடக்கூடும், சில போன்கள் வேறு பேட்டரி போட்டால் எச்சரிக்கை காட்டும், போட்ட பேட்டரி அசலா என்பது அந்தத் தெருவுக்கே வெளிச்சம். போன் எவ்வளவு எளிதாகப் பிரியும், உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்பதையும் மதிப்புரையில் சேர்த்தால் இந்தப் பதில் பலமாகும். வாங்கியவர்கள் தரும் நட்சத்திரங்கள் இந்தக் குறையை நிரப்பும் என்று நம்புவதற்கில்லை. பொருள் வந்து சேர்ந்த சில நாளில் கேட்கப்படும் நட்சத்திரமும் முதல் வாரத்து நட்சத்திரம்தான். பரவசப்பட்டவர்களும் கொதித்துப்போனவர்களும் மட்டுமே பெரும்பாலும் எழுத வருகிறார்கள், நடுவில் உள்ளவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்று 2009-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. பட்டை வரைபடத்தில் ஐந்து உயரமாக, ஒன்று சற்று உயரமாக, இடைப்பட்டவை பள்ளமாக நிற்கும். எந்த விற்பனைத் தளத்திலும் பார்க்கலாம்.

சட்டம் தலையிட்ட இடத்தில் எண்கள் வெளியே வந்திருக்கின்றன. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய போன்களுக்கு ஒரு கட்டாயச் சீட்டு உண்டு. ஒரு முழு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம் ஓடும், எத்தனை நூறு சுற்றுக்குப் பிறகு கொள்ளளவு 80 சதவீதமாகும், கீழே விழுந்தால் எந்த அளவு தாங்கும், பழுதுபார்ப்பது எளிதா என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். பேட்டரி குறைந்தது 800 சுற்று தாங்க வேண்டும், முக்கிய உதிரிபாகங்கள் விற்பனை நின்றபின் ஏழு ஆண்டு கிடைக்க வேண்டும் என்பதும் விதி. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்ப்புக் குறியீட்டுக்காக 2024-ல் ஒரு குழு அமைத்தது. 2025 மே மாதம் அதன் அறிக்கையும் வந்தது. ஐரோப்பியச் சீட்டும் முழுமையானதில்லை. எண்களை நிறுவனமே அறிவிக்கிறது, சோதனை ஆய்வகத்தின் இதமான வெப்பநிலையில் நடக்கிறது. வேலூர் வெயிலுக்கு அதைக் கொஞ்சம் கழித்தே படிக்க வேண்டும்.

அந்தச் சீட்டுகள் எல்லாம் எப்ரல் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது, எந்த நாட்டிலிருந்தும் திறக்கலாம். இங்கே விற்கும் போன்களில் பல, அதே பெயரில் அங்கேயும் விற்கப்படுகின்றன. சில நேரம் பேட்டரி அளவு மட்டும் நாட்டுக்கு நாடு மாறும், அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த போன் வாங்கும் முன் அன்பாக்ஸிங் காணொளியைப் பார்க்கும் இருபது நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை அதற்கு ஒதுக்கி, மாடல் பெயரைத் தட்டி, சுற்றுகளின் எண்ணிக்கையையும் பழுதுபார்ப்பு எளிமைக்குத் தந்திருக்கும் எழுத்துத் தரத்தையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.